பொய் சொல்லும் நினைவகம்

வீட்டுக் கணினி அடிக்கடி முடங்கினால் நாம் பழி போடுவதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறோம். முதலில் வைரஸ். அடுத்து, அதைக் கடைசியாகத் தொட்ட பிள்ளை. அதற்கும் அடுத்து இயங்குதளம். வீட்டில் லினக்ஸ் இருந்துவிட்டால், "சும்மா கிடைக்கிறதைப் போட்டால் இப்படித்தான்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். நினைவகம், அதாவது ரேம், இந்த வரிசையில் பெரும்பாலும் இடம் பெறுவதே இல்லை. இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் அழைத்தார். மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி, அதில் உபுண்டு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"சார், ராத்திரி எல்லாம் எதையோ டவுன்லோட் பண்ணிக்கிட்டே இருக்கா. இப்ப லேப்டாப் ஒரு நாளைக்கு மூணு தடவ நின்னுபோகுது. கேட்டா ஒண்ணும் பண்ணலங்கிறா," என்றார். பின்னாலிருந்து, "அப்பா, நான் நிஜமாவே ஒண்ணும் பண்ணல. அங்கிள்கிட்ட நான் பேசுறேன்," என்று ஒரு குரல் கேட்டது.

அந்தப் பெண் சொன்னது தெளிவாக இருந்தது. கடையில் எஸ்எஸ்டியை மாற்றினார்கள். உபுண்டுவை இரண்டு முறை புதிதாக நிறுவினார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் உலாவி தானாக மூடிக்கொள்ளும், மறுநாள் லிப்ரே ஆபிஸ், அதற்கு மறுநாள் முழுக் கணினியும் உறைந்துவிடும். கடைசியாக, 40 பக்கம் எழுதிவைத்திருந்த பாட ஒப்படைப்புக் கோப்பு திறக்கவே இல்லை. சேதமடைந்துவிட்டது என்று செய்தி வந்தது. சமர்ப்பிக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

ஒரே மென்பொருள், ஒரே வேலையைச் செய்யும்போது விழுந்தால் அது அந்த மென்பொருளின் கோளாறாக இருக்கலாம். சம்பந்தமே இல்லாத மென்பொருள்கள் சம்பந்தமே இல்லாத நேரங்களில் விழுந்து, கூடவே கோப்புகளும் கெட்டால், நான் முதலில் சந்தேகிப்பது ரேமைத்தான்.

ரேமின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். 8 ஜிபி ரேம் என்றால் அதில் கிட்டத்தட்ட 6,900 கோடி நுண்ணிய அறைகள். ஒவ்வோர் அறையிலும் மிகச் சிறிய அளவு மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மின்னூட்டம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்போல் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் சாதாரணமாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை எல்லா அறைகளையும் படித்து, மீண்டும் நிரப்பிவிடுகிறார்கள். ஏதோ ஓர் அறை வலுவிழந்து, அந்த நேரத்துக்குள்ளேயே வற்றிவிட்டால்? 1 என்று எழுதி வைத்தது 0 என்று திரும்பி வரும். சூடு ஏறினால் கசிவும் கூடும். காலையில் ஒழுங்காக ஓடும் கணினி, மதியம் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் தகராறு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாறிப்போன அந்த ஒற்றை பிட் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது விளைவு. ஒரு காணொளியின் புள்ளியில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. மென்பொருளின் கட்டளையில் விழுந்தால் அது நின்றுவிடும். சேமிக்கப்போகும் கோப்பில் விழுந்தால்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் தவறான எண் வட்டுக்குப் போய் அங்கே பத்திரமாக எழுதப்பட்டுவிடும். வட்டின் மீது குற்றமே இல்லை. கொடுத்ததை அது சரியாகத்தான் எழுதியது. ஆகவே எஸ்எஸ்டியை மாற்றியும் பயனில்லை. உபுண்டுவை மீண்டும் நிறுவியபோது அந்த நிறுவலும் இதே ரேம் வழியாகத்தான் போனது.

ஒரே ஒரு பிட் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு 2003 மே மாதம் பெல்ஜியத்தில் நடந்ததைச் சொல்வேன். பிரசல்ஸ் வட்டாரத்தில் உள்ள ஸ்கார்பேக் என்ற இடத்தில் மின்னணு வாக்குப்பதிவு. ஒரு வேட்பாளருக்கு, கிடைக்க வாய்ப்பே இல்லாத அளவுக்கு வாக்குகள் வந்திருந்தன. சரிபார்த்தபோது கூடுதலாக விழுந்தவை சரியாக 4,096. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பன்னிரண்டாம் அடுக்கில் வரும் எண் அது. மென்பொருளில் பிழை எதுவும் அகப்படவில்லை. நினைவகத்தில் ஒரு பிட் 0 என்பதிலிருந்து 1 ஆகப் புரண்டிருக்க வேண்டும் என்றே முடிவுக்கு வந்தார்கள். அது ஒருமுறை நடந்துவிட்டுப் போகும் வகை. கிள்ளான் பெண்ணின் கணினியில் நடந்தது, அறையே பழுதாகி மறுபடியும் மறுபடியும் பொய் சொல்லும் வகை.

இது பழைய கணினிகளுக்கு மட்டும் வரும் நோயும் இல்லை. கூகல் தன் கணினிக் கூடங்களில் எடுத்த கணக்கு 2009இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஒரு வருடத்தில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட ரேம் அட்டைகளில் பிழை தென்பட்டது. அங்கே இருப்பவை ஈசிசி வகை ரேம்கள். ஒற்றை பிட் புரண்டால் அவையே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. லினக்ஸை உருவாக்கிய லினுஸ் டோர்வால்ட்ஸுக்கே 2022 அக்டோபரில் இது நேர்ந்தது. கெர்னலின் 6.1 பதிப்புக்கான வேலை மும்முரமாக நடந்தபோது அவருடைய கணினியில் மென்பொருள்கள் கண்டபடி விழத் தொடங்கின. புதிய கெர்னலில்தான் ஏதோ பிழை என்று முதலில் தேடினார். பழைய கெர்னலைப் போட்டுப் பார்த்தார், அதிலும் அதே கதை. இரவு முழுக்க மெம்டெஸ்ட்86+ ஓடவிட்ட பிறகுதான் தெரிந்தது, இரண்டரை வருடம் ஒழுங்காக உழைத்த ரேம் அட்டை ஒன்று கெட்டுப்போயிருந்தது. அவருக்கே ஒரு இரவு தேவைப்பட்டது என்றால், பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு "ரேம் ஓகே" என்று சொல்லும் கடைக்காரரை நான் எப்படி நம்புவது?

சோதனைக்கு வருவோம். இனி வரும் கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

எதையும் நிறுவாமல் செய்யக்கூடிய முதல் சோதனை இது. எஸ்எச்ஏ256சம் என்ற கட்டளை ஒரு கோப்பின் கைரேகையை எடுத்துத் தரும். ஒரு பெரிய கோப்புக்கு அதை மூன்று நான்கு முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் எழுத்துக்கு எழுத்து அதே விடை வர வேண்டும். மாறி வந்தால் வன்பொருளில் கோளாறு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: கோப்பு உங்கள் ரேமைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். சிறிய கோப்பு என்றால் லினக்ஸ் அதை ரேமிலேயே வைத்துக்கொண்டு, இரண்டாவது முறை வட்டைத் தொடாமல் அதே நகலைப் படித்துக் காட்டிவிடும். 8 ஜிபி ரேமுக்கு 10 ஜிபி காணொளி ஒன்று போதும். விடை மாறாமல் வந்துவிட்டது என்பதால் ரேம் நல்லது என்று ஆகிவிடாது. மாறினால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு.

உறுதியான தீர்ப்புக்கு மெம்டெஸ்ட்86+ வேண்டும். இலவசம்தான். மெம்டெஸ்ட்86 என்று கூட்டல் குறி இல்லாமல் இன்னொன்று இருக்கிறது, அது வேறு நிறுவனத்துடையது, அதுவும் நல்லதே. கூட்டல் குறி உள்ளதில், 2022இல் வந்த 6.00 பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருந்தால் இன்றைய யூஈஎஃப்ஐ கணினிகளிலும் ஓடும். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். செக்யூர் பூட் குறுக்கே நின்றால் தற்காலிகமாக அணைத்துவிடலாம். அதே கணினியில் பிட்லாக்கர் போட்ட விண்டோஸ் இருந்தால், அணைப்பதற்கு முன் அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதிக்க மெம்டெஸ்டர் என்ற கருவியும் உண்டு. ஆனால் கெர்னலும் மற்ற மென்பொருள்களும் உட்கார்ந்திருக்கும் இடத்தை அதனால் தொட முடியாது. வீட்டில் ஆள் இருந்துகொண்டே வீட்டைப் பெருக்குவது மாதிரி.

ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். கிள்ளான் மடிக்கணினியில் முதல் சுற்றில் ஒன்றுமே வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது சுற்றில்தான் சிவப்பு வரிகள் வந்தன. "மூணே மூணு எரர்தான் அங்கிள், பரவாயில்லையா?" என்று அந்தப் பெண் கேட்டார். ஒன்று வந்தாலே அந்த ரேம் குற்றவாளிதான்மா என்றேன்.

மேசைக் கணினி என்றால் இதற்குப் பிறகு வேலை சுலபம். ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு போட்டிருந்தால் அதை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அட்டைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். ஒவ்வோர் அட்டையாகத் தனியே சோதித்தால் கெட்டது எது, அல்லது கெட்டது மதர்போர்டில் உள்ள பொருத்துமிடமா என்று தெரிந்துவிடும். கெட்ட அட்டையைத் தூக்கிப் போடுவதற்கு முன் வாங்கிய ரசீதைத் தேடுங்கள். ரேம் அட்டைகளுக்கு வாழ்நாள் உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் பல உண்டு. நம்மில் பலர் அதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

மடிக்கணினியில்தான் சிக்கல். இப்போது வரும் மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்றவே முடியாது. இந்தப் பெண்ணுடையதும் அப்படித்தான். மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று கடையில் 1,500 ரிங்கிட் கேட்டார்கள். மடிக்கணினியை வாங்கியதே 1,800 ரிங்கிட்டுக்கு.

இங்கேதான் லினக்ஸ் கைகொடுக்கிறது. கெட்ட இடம் எங்கே என்று தெரிந்தால் அதைச் சுற்றி வேலி போட்டுவிடலாம், அந்தப் பக்கமே போகாதே என்று கெர்னலிடம் சொல்லிவிடலாம். 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே நெதர்லாந்தைச் சேர்ந்த ரிக் வான் ரைன் இதற்காக பேட்ரேம் என்ற ஒட்டு நிரலை எழுதினார். கோடிக்கணக்கான அறைகளில் சிலது கெட்டதற்காக முழு அட்டையையும் குப்பையில் போடுவானேன் என்ற எண்ணம்தான். இன்று அதே வேலையைச் செய்ய கிரப் தொடக்க நிரலில் கிரப்_பேட்ரேம் என்ற வரி இருக்கிறது. ஆனால் செக்யூர் பூட் ஓடும் கணினியில் பாதுகாப்புக் காரணத்துக்காக அந்தக் கட்டளையை முடக்கிவிட்டார்கள். அதனால் நான் கெர்னலுக்கே நேரடியாகச் சொல்லும் மெம்மேப் வழியைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன்.

பிழைகள் எல்லாம் 5230ஆவது மெகாபைட்டுக்குள்ளேயே இருந்தன. கொஞ்சம் தாராளமாக இரண்டு பக்கமும் இடம் விட்டு, 5228இலிருந்து 4 எம்பியை ஒதுக்கினோம். கெர்னலுக்குச் சொல்ல வேண்டியது: மெம்மேப்=4எம்$5228எம். முதல் எண் எவ்வளவு, இரண்டாவது எண் எங்கிருந்து. 8 ஜிபியில் இழப்பு இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். இந்தக் கணக்கைப் போடச் சோம்பலாக இருந்தால் மெம்டெஸ்ட்86+ இன் புதிய பதிப்புகளில் அறிக்கை முறையை லினக்ஸ் மெம்மேப் என்று மாற்றிவிடலாம், அதுவே எழுதிக் காட்டும்.

இப்போது கவனம். அந்த டாலர் குறி ஒரு பொறி. கிரப் அதைத் தனக்குச் சொன்ன வேறு செய்தி என்று எடுத்துக்கொண்டு, அதையும் அதன் பின்னால் உள்ளதையும் சிதைத்துவிடும். கெர்னல் காதில் விழுவது வெறும் "4 எம்பி" மட்டும். மொத்த நினைவகமே 4 எம்பிதான் போலிருக்கிறது என்று நம்பி, கணினி எழவே எழாது. அதனால் முதலில் தற்காலிகமாகச் செய்து பாருங்கள். கணினி தொடங்கும்போது கிரப் பட்டியலில் ஈ விசையைத் தட்டினால் தொடக்க வரிகள் திறக்கும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் இதைச் சேர்த்து, டாலருக்கு முன் ஒரு பின்சாய்வுக் கோடு போடுங்கள். தவறினாலும் அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும். சரியாக எழுந்தால், ஈடிசி கோப்புறையில் டிஃபால்ட் என்பதற்குள் உள்ள கிரப் கோப்பில், கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட் என்ற வரியில் நிரந்தரமாகச் சேருங்கள். அங்கே டாலருக்கு முன் ஒன்று போதாது, மூன்று பின்சாய்வுக் கோடுகள் வேண்டும். பிறகு சூடோ அப்டேட்-கிரப். மறுபடி தொடங்கியதும் பிராக் கோப்புறையில் உள்ள சிஎம்டிலைன் கோப்பைத் திறந்து, டாலரும் இரண்டு எண்களும் முழுதாக வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சூடோ போட்டு ஐஓமெம் கோப்பைப் பார்த்தால் அந்தப் பகுதி ரிசர்வ்ட் என்று தெரியும்.

மெம்டெஸ்ட்=4 என்று கெர்னலிடம் சொல்லும் இன்னொரு வழியும் இருக்கிறது. அந்த வசதியோடு கட்டப்பட்ட கெர்னல், ஒவ்வொரு முறை எழும்போதும் தானே சோதித்துக் கெட்ட இடத்தை ஒதுக்கிக்கொள்ளும். மூன்றாவது சுற்றில் மட்டும் தலைகாட்டும் பிழையை அந்த அவசரச் சோதனை பிடிக்காது என்பதால் அதை மட்டும் நம்புவதில்லை நான்.

வேலி எல்லாருக்கும் உதவாது. பிழை வரும் இடம் ஒவ்வொரு முறையும் அதே சிறு பகுதியாக இருந்தால் சரி. நேற்று ஓர் இடம், இன்று வேறு இடம் என்று அலைந்தாலோ, ரேம் முழுக்கச் சீரான இடைவெளியில் பரவி வந்தாலோ, பழுது அறையில் இல்லை. சில்லிலோ இணைப்பிலோ மின்சாரத்திலோ இருக்கலாம். அந்தக் கணினிக்கு வேலி போடுவது வீண். இரட்டை இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: லினக்ஸில் போட்ட வேலி விண்டோஸுக்குத் தெரியாது. வேலி சரியாகவே அமைந்தாலும், கடைக் கணக்கு, வரிக் கணக்கு, வேறெங்கும் நகல் இல்லாத குடும்பப் படங்கள் ஆகியவற்றை அந்தக் கணினியில் நான் வைக்கமாட்டேன். ஒரு பகுதி வலுவிழந்த சில்லில் பக்கத்துப் பகுதி எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? படிப்புக்கு, தட்டச்சுக்கு, பார்ப்பதற்கு, கேட்பதற்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வேலி போட்ட பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ரேம் பொய் சொல்லிக்கொண்டிருந்த நாள்களில் எழுதப்பட்ட எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. இயங்குதளத்தை இன்னொரு முறை புதிதாக நிறுவுவது நல்லது. அது முடியாவிட்டால் டெப்சம்ஸ் என்ற கருவி, நிறுவிய கோப்புகள் மூலத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்துச் சொல்லும். உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு அப்படி ஒரு கருவி கிடையாது, பழைய நகல்தான் மூலம். அந்தப் பெண் பாதி வேலையில் தோழி ஒருத்திக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்த 31 பக்கங்கள் முழுதாகக் கிடைத்தன. மீதி 9 பக்கத்தை மறுபடி தட்டினார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துக் கொடுத்தாராம்.

ஆகவே கணினி சந்தேகத்தில் இருக்கும்போது, பதற்றத்தில் அதிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துப் பழைய காப்பு நகலின் மேல் எழுதிவிடாதீர்கள். கெட்டது நல்லதை விழுங்கிவிடும். வட்டைக் கழற்றி வேறு நல்ல கணினியில் மாட்டி, புதிய தட்டு ஒன்றில் தனியாக நகலெடுங்கள். கைப்பேசியிலோ மேகச் சேமிப்பிலோ உள்ள படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை இரண்டையும் வைத்திருங்கள். வேலி போட்ட கணினியில் மாதம் ஒரு முறை இரவில் மெம்டெஸ்ட்86+ ஓடவேண்டும். அது வேலியை அறியாது, பழைய 5230ஐ மறுபடி சிவப்பில் காட்டத்தான் செய்யும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். 5228க்குக் கீழேயோ 5232க்கு மேலேயோ புதிதாக ஒரு வரி வந்தால் மட்டும் புதுக் கணினிக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள்.